மின்சாரம் போய் வந்தால் பூட்டை யார் திறப்பது?

இரவு 3 மணிக்கு மின்சாரம் போகிறது, 4 மணிக்குத் திரும்புகிறது. பூட்டிய கடைக்குள் கம்ப்யூட்டர் தானாக எழுந்து, கறுப்புத் திரையில் கடவுத்தொடரைக் கேட்டபடி நிற்கிறது. காலையில் கடையைத் திறக்கும் கணக்குப்பிள்ளைக்கு அந்தத் தொடர் தெரியாது. தெரிந்த முதலாளி பூப்பாறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். ஏலக்காய் ஸ்டோருக்குள் சிக்னல் எடுக்காது. ஏலம் தொடங்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

போடிநாயக்கனூரில் இப்படி ஒரு காலையை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட என்னை வருத்தியது அடுத்த நாள் நடந்தது. இனிமேல் இந்தத் தொல்லை வேண்டாம் என்று யாரோ கடவுத்தொடரை ஒரு கோப்பில் எழுதி, டிஸ்கின் பூட்டாத பகுதியில் வைத்து, கம்ப்யூட்டர் எழும்போதே தானாகத் திறந்துகொள்ளும்படி செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. திருடன் தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் சொருகினாலும் கேட்காது.

கம்ப்யூட்டர் எழும்போதே பூட்டிய டிஸ்க் திறக்கும்படி அமைப்பது தவறே இல்லை. சாவி எங்கே தூங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. இன்று ஒரு நடுத்தர வியாபாரியின் டிஸ்கில் என்னென்ன இருக்கின்றன? எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு முன்பணம், கிடங்கில் யார் சரக்கு எத்தனை மூட்டை, எந்த லாட் என்ன விலைக்குப் போனது, யாருடைய வங்கிக் கணக்கு எண் எது என்று எல்லாமே இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது. அதன் இருப்புக் கணக்கும் சரக்கைப் போலவே காவலுக்குரியது. தோட்டமும் வைத்திருப்பவர் என்றால் இன்னொன்றும் சேரும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காய் எடுக்கப் போகும் பெண்களின் ஆதார் நகலும் சம்பளக் கணக்கு எண்ணும் அதே டிஸ்கில் கிடக்கின்றன. வேலை வேண்டும் என்பதற்காக அவர்கள் நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை.

சட்டமும் வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள், மறைகுறியாக்கத்தை அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

லினக்ஸில் இதற்கு வழக்கமான முறை லக்ஸ். கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் 2004-இல் வடிவமைத்தது. கிரிப்ட்செட்டப் என்ற கருவி அதை இயக்குகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் உண்டு. டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை, அரசு மடிக்கணினி வாங்கிய நம் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். அதற்கும் இதே முறைதான்.

அடிப்படையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் எல்லாமே தானாக விளங்கும். டிஸ்க் முழுவதையும் பூட்டுவது ஒரே ஒரு பெரிய சாவி. அதைக் கம்ப்யூட்டரே உண்டாக்குகிறது. நம் கண்ணில் படுவதில்லை. டிஸ்கின் தொடக்கத்தில் ஹெடர் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதற்குள் சில சிறு பெட்டிகள் உண்டு. பழைய லக்ஸில் 8, இரண்டாம் பதிப்பில் 32 வரை. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெரிய சாவியின் நகல் ஒன்று, தனித்தனிக் கடவுத்தொடரால் பூட்டப்பட்டிருக்கும். நாம் தட்டச்சு செய்யும் தொடர் திறப்பது அந்தச் சின்னப் பெட்டியைத்தான்.

செய்ய வேண்டியவை

யாரிடமிருந்து காக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அணைத்துக் கிடக்கும் கம்ப்யூட்டரைத்தான் இந்தப் பூட்டு காக்கும். கடையை உடைத்து எடுத்துப் போகிறவன், பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் டிஸ்கைத் திறந்து பார்க்கிறவன், காயலான் கடையில் பழைய டிஸ்கை வாங்குகிறவன் ஆகியோருக்கு எதிரான பூட்டு இது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே வரும் வைரஸுக்கும், கோப்புகளைப் பிணையாகப் பிடித்துப் பணம் கேட்கும் நிரலுக்கும் இது தடையே இல்லை. அவற்றுக்குத் தனிக் காவல் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள். புதிதாக லக்ஸ் அமைக்கும் கட்டளை அந்தப் பிரிவில் இருக்கும் அனைத்தையும் போக்கடிக்கும். இருக்கிற தரவை அழிக்காமலே பூட்டும் வசதி கிரிப்ட்செட்டப்பில் உண்டுதான். ஆனால் அது பாதி வழியில் இருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கவலையோடு உட்கார வேண்டும். நம் ஊர் மின்சாரத்தை நம்பி நான் அதைச் செய்யமாட்டேன்.

முதலில் ரூட் பிரிவைப் பூட்டுங்கள். மற்றப் பிரிவுகளின் சாவியை அதற்குள் வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் வாசல் பூட்டியிருந்தால், பீரோ சாவி உள்ளே ஆணியில் தொங்கலாம். வாசல் திறந்து கிடந்தால் ஆணியில் தொங்கும் சாவி திருடனுக்கு வைத்தது. கம்ப்யூட்டரிலும் அதேதான். இயங்குதளம் இருக்கும் ரூட் பிரிவு வாசல். அதை ஒரு மனிதர் கடவுத்தொடர் கொடுத்துத் திறக்கிறார். கணக்கு இருக்கும் பிரிவு, நகல் எடுக்கும் இரண்டாம் டிஸ்க் போன்றவை பீரோக்கள். அவற்றுக்கான சாவிக் கோப்பு ரூட்டுக்குள் இருக்கிறது. ஒருமுறை தட்டச்சு செய்தால் எல்லாம் வரிசையாகத் திறக்கும். ரூட்டைப் பூட்டாமல் கணக்குப் பிரிவை மட்டும் பூட்டி, அதன் சாவியை ரூட்டில் வைத்தால் பூட்டியதாகவே கணக்கில்லை.

விண்டோஸின் பிட்லாக்கரிலும் இதே நியாயம்தான் இருக்கிறது. உள்ளே பொருத்திய இரண்டாம் டிஸ்கைத் தானாகத் திறக்கச் சொன்னால், இயங்குதளம் இருக்கும் டிஸ்க் முதலில் பூட்டியிருக்க வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கும். லினக்ஸ் அப்படித் தடுப்பதில்லை. பொறுப்பை நம்மிடமே விட்டுவிடுகிறது.

எட்ஸி கோப்புறையில் உள்ள கிரிப்ட்டேப் கோப்பைப் பொறுமையாக எழுதுங்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வரி. வரிக்கு நான்கு பகுதிகள். திறந்தபின் அதற்கு என்ன பெயர், எந்தப் பிரிவு, சாவி எங்கே, என்னென்ன விருப்பங்கள் என்ற வரிசையில் எழுத வேண்டும். மனிதரைக் கேட்க வேண்டும் என்றால் சாவியின் இடத்தில் 'நன்' என்ற ஆங்கிலச் சொல் வரும். சாவிக் கோப்பு என்றால் அதன் முழுப் பாதை வரும். திறந்த பிரிவை எந்தக் கோப்புறையில் பொருத்துவது என்பதை எஃப்எஸ்டேப் கோப்பு சொல்லும். இரண்டிலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது.

பிரிவைக் குறிப்பிட யுயுஐடி எண்ணைப் பயன்படுத்துங்கள். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் நிலையானவை அல்ல. ஒரு பென்டிரைவைச் சொருகியபடி கம்ப்யூட்டரை எழுப்பினாலே வரிசை மாறிவிடலாம். யுயுஐடியிலும் ஒரு வழுக்கல் உண்டு. பூட்டிய பிரிவுக்கு ஓர் எண், அதற்குள் இருக்கும் கோப்பு முறைமைக்கு வேறோர் எண். கிரிப்ட்டேப்பில் வர வேண்டியது பூட்டிய பிரிவின் எண். பிஎல்கேஐடி கட்டளையைக் கொடுத்தால், எந்த வரியில் கிரிப்ட்டோ லக்ஸ் என்று வகை காட்டுகிறதோ அந்த வரியின் எண்தான் அது. கம்ப்யூட்டர் எழும்போது டிஸ்க் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டதாக என்னை அழைத்தவர்களில் பலர் உள்ளே இருக்கும் எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள்.

சாவிக் கோப்பைக் கம்ப்யூட்டரே உண்டாக்கட்டும். யுராண்டம் என்ற மூலத்திலிருந்து 4096 பைட் எடுத்தால் போதும். அதன் உரிமை ரூட் பயனருக்கு மட்டும். அனுமதி எண் 0400. கையால் ஒரு சொல்லைக் கோப்பில் எழுதி அதையே சாவி ஆக்கினால் ஒரு சிக்கல் வரும். வரி முடிவில் எடிட்டர் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சாவியின் பகுதியாகிவிடும். அதே சொல்லைத் திரையில் தட்டச்சு செய்தால் திறக்காது. சரியான சொல்தானே என்று நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

இல்லாவிட்டாலும் கடை நடக்கும் என்ற டிஸ்குக்கு 'நோஃபெயில்' போடுங்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு எடுத்துப்போகும் நகல் டிஸ்க் அப்படிப்பட்டது. அந்தச் சொல் இல்லாவிட்டால், அன்று அந்த டிஸ்க் சொருகப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கம்ப்யூட்டர் ஒன்றரை நிமிடம் தேடிவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நின்றுகொள்ளும். கிரிப்ட்டேப், எஃப்எஸ்டேப் இரண்டிலும் போட வேண்டும். ஒன்றில் போட்டு மற்றதில் விட்டுவிட்டு, ஏலத்தன்று காலையில் இப்படி ஒரு கடையை நிறுத்தியவன் நான். அன்று அந்தக் கடைக்காரர் பக்கத்துக் கடையின் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து இந்தச் சொல்லைச் சரிபார்க்காமல் எந்தக் கடையிலிருந்தும் நான் எழுந்து வருவதில்லை.

ஹெடரை நகல் எடுத்து வெளியே வையுங்கள். லக்ஸ் இரண்டாம் பதிப்பில் அது வழக்கமாக 16 எம்பிதான். அந்த 16 எம்பி கெட்டால் 2 டிபி டிஸ்கும் போய்விட்டது. கடவுத்தொடர் தெரிந்திருந்தும் பயனில்லை, தரவு மீட்கும் கடைக்கு எடுத்துப்போயும் பயனில்லை. பெரிய சாவியின் நகல்கள் எல்லாமே அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நகலை எந்த டிஸ்கிலிருந்து எடுத்தீர்களோ அதிலேயே வைக்காதீர்கள். இன்னொன்று: கடவுத்தொடரை மாற்றினால் பழைய ஹெடர் நகலையும் அழித்துவிடுங்கள். அது பழைய தொடருக்கு இன்னும் திறக்கும்.

இரண்டு பேருக்கு இரண்டு கடவுத்தொடர் கொடுங்கள். பல பெட்டிகள் இருப்பதே இதற்காகத்தான். முதலாளிக்கு ஒன்று, கடையை அன்றாடம் திறப்பவருக்கு ஒன்று. மூன்றாவதாக ஒரு நீண்ட தொடரைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வங்கி லாக்கரிலோ வீட்டிலோ வையுங்கள். வேலையை விட்டு ஒருவர் போனால் அவருடைய பெட்டியை மட்டும் அழித்தால் போதும்; மற்றவர்களின் தொடரை மாற்ற வேண்டியதில்லை. குடும்பத் தொழில் நடக்கும் ஊர் இது. அப்பாவின் தலைக்குள் மட்டும் இருந்த தொடர் அவரோடு போய்விட்டால், பிள்ளைகள் கையில் மிஞ்சுவது இரும்பு. இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. தயங்காமல் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.

ஸ்வாப் பகுதியையும் பூட்டுங்கள். நினைவகம் நிரம்பும்போது அதில் இருப்பது டிஸ்குக்கு வழிகிறது. பூட்டிய கணக்கின் துண்டுகள் பூட்டாத ஸ்வாப்பில் கிடக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் புதிய தற்செயல் சாவியால் பூட்டும்படி கிரிப்ட்டேப்பில் எழுதலாம். உறங்கவைத்து எழுப்பும் ஹைபர்னேட் வசதி அப்போது கிடைக்காது. கடைக் கம்ப்யூட்டருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். எழும்போதெல்லாம் அந்தப் பிரிவை அது புதிதாக அழித்து அமைக்கும். எஸ்டிபி2 என்று எழுதியிருந்து, வரிசை மாறி அது கணக்குப் பிரிவாகிவிட்டால் கணக்கு அழிந்துவிடும். யுயுஐடியும் இங்கே நிலைக்காது, பிரிவுக்கே உரிய பார்ட்யுயுஐடியை எழுதுங்கள்.

கம்ப்யூட்டரை மறுபடி எழுப்புமுன் சோதியுங்கள். டெபியன் வகைகளில் கிரிப்ட்டிஸ்க்ஸ் ஸ்டார்ட் என்ற கட்டளை, கிரிப்ட்டேப்பில் உள்ளபடி ஒரு பிரிவை அப்போதே திறந்துகாட்டும். ரூட்டைத் தொடும் மாற்றம் என்றால் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தொடக்கப் பொதியைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். ரூட் திறப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் படிப்பது அந்தப் பொதியைத்தான். நீங்கள் திருத்திய கோப்பு இன்னும் பூட்டுக்குள் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

சாவிக் கோப்பைப் பூட்டாத பூட் பிரிவில் வைக்காதீர்கள். தொடக்கத்தில் சொன்ன கதை இதுதான். தொடக்கப் பொதிக்குள் சாவியைச் சேர்ப்பதும், பூட் பிரிவு பூட்டப்படாதவரை, அதே தவறுதான். பூட் பிரிவையும் பூட்டியவர்கள் சேர்க்கலாம். அப்போதும் அந்தப் பொதியை ரூட் பயனர் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியைக் குறைத்துவிட வேண்டும்.

சாவி இருக்கும் பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே விட்டு வைக்காதீர்கள். எழும்போது சொருகு, எழுந்ததும் எடு என்பதுதான் ஏற்பாடு. முதல் வாரம் எடுப்பார்கள். அடுத்த மாதம் அது நிரந்தரமாகத் தொங்கும். பூட்டில் சாவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அது. கடையில் ஒழுங்காக எடுத்து வைக்கும் பழக்கமுள்ள ஒருவர் இல்லையென்றால் இந்த முறையே வேண்டாம்.

கடவுத்தொடரைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். மனதுக்கு வருத்தம்தான். ஆனால் கம்ப்யூட்டர் எழும் அந்த நேரத்தில் தமிழ்99 விசைப்பலகை வந்திருக்காது. வெறும் ஆங்கில விசைகள்தான் வேலை செய்யும். தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை வரிசையாக எடுத்தால் நீளமும் வரும், நினைவும் நிற்கும். தோட்டத்தின் பெயர், வண்டி எண், பிள்ளைகளின் பிறந்த தேதி எதுவும் வேண்டாம். அவை கடை வாசலிலும் ஜீப்பின் முன்கண்ணாடியிலும் எழுதியிருக்கின்றன.

எண்களை வலப்பக்க எண் விசைகளில் அடிக்காதீர்கள். கணக்குப்பிள்ளைகளின் விரல் தானாக அங்கேதான் போகும். எழும் நேரத்தில் நம்லாக் அணைந்திருந்தால் அந்த விசைகள் எண்ணைத் தராது. திரையில் எழுத்தும் தெரியாது. தொடர் தவறு என்று மூன்று முறை சொன்னதும் டிஸ்க் கெட்டுப்போனதாக எண்ணிப் பயந்துவிடுவார்கள். மேல்வரிசை எண்களையே பழக்குங்கள்.

டிபிஎம் சில்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். புதிய கம்ப்யூட்டர்களில் இருக்கும் அந்தச் சில்லில் சாவியைப் பதிந்துவிட்டால் யாரும் எதுவும் தட்டச்சு செய்யாமலே டிஸ்க் திறக்கும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் 2021-க்குப் பிந்தைய பதிப்புகளில் இதற்குத் தனிக் கருவியே இருக்கிறது. டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவனிடமிருந்து இது காக்கும். கம்ப்யூட்டரோடு தூக்கிப் போனால் அவன் வீட்டிலும் அது தானாகத் திறந்து, பயனர் கடவுச்சொல் கேட்கும் திரைவரை வந்து நிற்கும். நம் கடைகளில் கம்ப்யூட்டரோடுதான் போகும். டிபிஎம்மோடு ஒரு பின் எண்ணையும் சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும். ஆனால் பின் எண்ணைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். மேலும், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலோ செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ சில்லு சாவியைத் தர மறுக்கலாம். மதர்போர்டு எரிந்தால் சில்லும் போயிற்று. கடவுத்தொடர் உள்ள ஒரு பெட்டியாவது ஹெடரில் எப்போதும் இருக்கட்டும்.

மூடி வைத்த மடிக்கணினியைப் பூட்டியதாக எண்ணாதீர்கள். ஸ்லீப் நிலையில் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது. ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டு போகுமுன் முழுதாக அணைத்துவிடுங்கள்.

கடவுத்தொடரை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஃபோனில் வாய்விட்டுச் சொல்வதுகூடப் பரவாயில்லை. குழுவில் தப்பிப் போன செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. கணக்குப்பிள்ளைக்குத் தனித் தொடர் கொடுத்துவிட்டால் அனுப்ப வேண்டிய தேவையே வராது.

பழைய டிஸ்கை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். லக்ஸ் அழிப்புக் கட்டளையைக் கொடுத்து எல்லாப் பெட்டிகளையும் துடைத்துவிடுங்கள். சில நொடி வேலைதான். ஹெடர் நகல் வைத்திருந்தால் அதையும் சேர்த்து அழித்தால்தான் அது முழுமை.

வரி அதிகாரிகளிடமிருந்து மறைக்க இதைச் செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, உரிய ஆணையின் பேரில் பூட்டைத் திறந்து கொடுக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.

யாரும் இல்லாத நேரத்தில் திறக்க வேண்டும் என்றால்

இரவு 4 மணிக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ரூட்டைத் திறக்க மனிதர் வேண்டும் என்றேன். மனிதர் இல்லாதபோது என்ன செய்வது? பெரும்பாலான கடைகளுக்கு என் பதில் எளிது. திறக்கவே வேண்டாம். இரவில் யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கப் போவதில்லை. காலையில் கடை திறப்பவரிடம் ஒரு தொடர் இருந்தால் எல்லாம் தீர்ந்தது. நல்ல யுபிஎஸ் ஒன்று இருந்தால் பாதி நாள் இந்தக் கேள்வியே எழாது.

மலைமேல் தோட்டத்தில் வைத்த கம்ப்யூட்டருக்கும், கேமரா பதிவு ஓடும் கம்ப்யூட்டருக்கும் இது போதாது. அவற்றுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஒன்று, தூரத்திலிருந்து திறப்பது. டிராப்பேர் என்ற சிறிய எஸ்எஸ்எச் நிரலைத் தொடக்கப் பொதியில் சேர்த்தால், ரூட் திறப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் வலையில் வந்து காத்திருக்கும். போடியிலிருந்து உள்ளே போய்த் தொடரைக் கொடுக்கலாம். கடவுச்சொல்லால் நுழைவதை அடைத்து, எஸ்எஸ்எச் சாவியால் மட்டும் நுழையவிடுங்கள். அந்தக் கதவை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். ரூட்டரில் விபிஎன் அமைத்து அதன் வழியே போங்கள். டிராப்பேரின் அடையாளச் சாவி பூட்டாத பகுதியில் இருப்பதால், கம்ப்யூட்டரின் வழக்கமான எஸ்எஸ்எச் அடையாளச் சாவியையே அங்கேயும் வைத்துவிடக்கூடாது. மழைக்காலத்தில் மலையில் இணையமும் சேர்ந்து போகும் என்பதுதான் இதன் குறை.

மற்றொன்று டாங், கிளெவிஸ் என்ற ஜோடி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். கணக்குக் கம்ப்யூட்டரில் கிளெவிஸ் இருக்கும். அதே வளாகத்தில், வேறொரு கட்டடத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்ன போர்டுக் கம்ப்யூட்டரில் டாங் ஓடும். கம்ப்யூட்டர் எழும்போது கிளெவிஸ் டாங்கைக் கேட்கிறது. டாங் சாவியைச் சேமித்து வைத்திருப்பதில்லை. சாவியைக் கணக்கிட்டுக்கொள்ளத் தேவையான ஒரு பாதிப் பதிலை மட்டும் தருகிறது. அந்த வலைக்குள் இருக்கும்வரை டிஸ்க் தானாகத் திறக்கும். தூக்கிக்கொண்டு மலையிறங்கினால் டாங் எட்டாது, டிஸ்க் திறக்காது. இரண்டையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஸ்டோரில் ஒன்று, பங்களாவில் ஒன்று என்று வைத்து நடுவே ஒரு கேபிள் இழுங்கள். இணையம் இல்லாமலே இது வேலை செய்யும். நம் மலைக்கு அதுதான் பெரிய வசதி.

மலையில் இன்னும் சில கவனங்கள். மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்படி பயோஸில் அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் மேலே சொன்னது எதுவும் நடக்காது. போடியில் பெரிய கம்ப்யூட்டரில் பூட்டிய டிஸ்கை மேலே சின்ன போர்டில் கொண்டுபோய்ச் சொருகினால் திறக்காமல் போகலாம். லக்ஸ் இரண்டாம் பதிப்பு, தொடரைச் சரிபார்க்க 1 ஜிபி வரை நினைவகம் கேட்கும். 512 எம்பி போர்டில் அதற்கு இடமில்லை. டிஸ்கைப் பூட்டும்போதே நினைவக அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். உறையில் வைத்த கடவுத்தொடர்க் காகிதத்தை லேமினேட் செய்துவிடுங்கள்; ஆனி ஆடிச் சாரலில் ஸ்டோரில் வைத்த காகிதம் பூஞ்சை பிடித்துவிடும்.

சாவி தெரிந்த இருவரும் மலைக்கு ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-லும் 2020-லும் மூணாறு கேப் ரோட்டில் மண் சரிந்து பாதை அடைபட்டதை மறந்திருக்க மாட்டோம். தேவிகுளத்தில் இருப்பவர் ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்துவிடுவார் என்று அந்த நாட்களில் யாரும் சொல்லியிருக்க முடியாது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு, கம்ப்யூட்டரை விற்றுத்தந்த பையனின் மின்னஞ்சலில் தொடங்கியதாக இருந்தால் சாவி அவனிடம் இருக்கிறது. இன்றே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அமைத்து முடித்தபின் ஏலம் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கணக்கை நகல் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை முறையாக அணையுங்கள். நீங்கள் கடைக்கு வெளியே நில்லுங்கள். அன்றாடம் கடை திறப்பவர் தனியாக உள்ளே போய், உங்களிடம் எதுவும் கேட்காமல், கணக்குத் திரைவரை வரட்டும். அவரால் முடியவில்லை என்றால் ஏலத்தன்றும் முடியாது. அந்தச் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.